சின்னம்மையும் அக்கியும்: மருந்துக்குக் கேட்கிற மூன்று நாள்

வைரஸ் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் பெரும்பாலும் பாராசிட்டமால் எழுதிக் கொடுப்பார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பார். அவ்வளவுதான். இத்தனை மருந்து இருக்கிற காலத்தில் இதற்கு ஒன்றும் இல்லையா என்று யாருக்கும் தோன்றும்.

காரணம் வைரஸின் பிழைப்பு முறை. பாக்டீரியா தனியாக வாழத் தெரிந்த உயிரி. அதற்கென்று சுவர் உண்டு, புரதம் செய்யும் ஏற்பாடு உண்டு. நம் உடம்பைத் தொடாமல் அந்தச் சுவரை மட்டும் உடைக்க ஆன்டிபயாடிக்கால் முடியும். வைரஸுக்குச் சொந்தமாக அதிகம் எதுவும் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லின் சாமான்களை வைத்தே பெருகுகிறது. அதை அடிக்கப் போனால் அடி நமக்கும் விழும். அதனால்தான் சாதாரண சளிக்கும் டெங்குவுக்கும் இன்றுவரை நேரடி மருந்து இல்லை. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் இருக்கிறது, அதையும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

ஆனால் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்து போகிற ஒரு வைரஸுக்கு நல்ல மருந்தும் உண்டு, நல்ல தடுப்பூசியும் உண்டு. சின்னம்மை வைரஸைச் சொல்கிறேன். இரண்டும் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் மருந்து வேலை செய்யக்கூடிய நாட்களை நாம் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம், தடுப்பூசியைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதும் இல்லை. வருத்தம் அதுதான்.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை என்பது நம்மில் நிறையப் பேருக்கு இன்னும் தெரியாது. சின்னம்மை குணமான பிறகு வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியும் மண்டையோட்டின் அடியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்குகிறது. முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம் அங்கேயே கிடக்கும். வயதாகியோ, சர்க்கரை நோயிலோ, புற்றுநோய் சிகிச்சையிலோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால், அந்த ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். அக்கி உடம்பில் ஒரு பக்கமாக, பட்டையாக வருவதற்கு இதுதான் காரணம். முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி நெஞ்சுவரை வந்து, நடுக்கோட்டில் வெட்டியதுபோல் நின்றுவிடும். அந்த நரம்பின் எல்லை அவ்வளவுதான்.

இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஹங்கேரியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் போகாய். அக்கி வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கொஞ்ச நாளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை போடுவதை அவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்த்துச் சொன்னார். 1950-களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் இரண்டு நோயிலிருந்தும் எடுத்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து ஒன்றேதான் என்று காட்டினார். ஆனால் அது உடம்புக்குள்ளேயே பதுங்கியிருந்து எழுகிறது என்ற விளக்கத்தை 1965-இல் தெளிவாக முன்வைத்தவர், இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்ற சிற்றூரில் கிளினிக் வைத்திருந்த ஒரு பொது மருத்துவர். எட்கர் ஹோப் சிம்ப்சன் என்று பெயர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருஷக்கணக்கில் குறித்துவைத்தார். ஊரில் சின்னம்மை பரவும்போது அக்கி கூடவில்லை. வயது ஏற ஏறத்தான் கூடியது. ஆக, நோய் வெளியிலிருந்து ஒட்டவில்லை என்று முடிவு செய்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், கவனத்தையும் நோட்டுப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

அக்கி வந்தவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். தாத்தாவுக்கு அக்கி என்றால் கைக்குழந்தையையும், சின்னம்மை வராத கர்ப்பிணியையும் அவர் பக்கத்தில் விடாதீர்கள். கொப்புளத்தைத் துணியால் மூடி வைப்பதும் நல்லது.

இனி மருந்துக்கு வருவோம். அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் 1970-களில் உருவானது. ஹோவர்ட் ஷேஃபர் அந்த மூலக்கூறைச் செய்தார், அது எப்படி வேலை செய்கிறது என்பதை கெர்ட்ரூட் எலியனின் குழு அவிழ்த்தது. எலியன் முனைவர் பட்டம் முடிக்காதவர். பெண் என்பதாலேயே இளவயதில் ஆய்வுக்கூட வேலைகள் மறுக்கப்பட்டவர். 1988-இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

இந்த மருந்தின் அழகு, அது ஆளைப் பார்த்து வேலை செய்வதில் இருக்கிறது. விழுங்கிய மாத்திரை அப்படியே சும்மாதான் கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில் வைரஸ் தனக்காகச் செய்துகொண்ட ஒரு நொதி இருக்கும். அந்த நொதி பட்டால்தான் அசைக்ளோவிர் விழித்துக்கொள்ளும். நல்ல செல்லில் அந்த நொதி இல்லை, அதனால் அங்கே ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. விழித்த மருந்து, வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் இடத்தில் போய் உட்காரும். பூச்சரம் தொடுக்கும்போது நடுவில் காம்பில்லாத ஒரு பூ வந்துவிட்டால் எப்படி அடுத்த பூவைச் சேர்த்து முடிச்சுப் போட முடியாதோ, அப்படி நகல் அந்த இடத்திலேயே நின்றுபோகும். வைரஸின் கையாலேயே மருந்துக்குக் கூர் ஏற்றும் இந்த யோசனை வந்த பிறகுதான், நம்மைத் தொடாமல் வைரஸை மட்டும் தாக்க முடியும் என்ற நம்பிக்கை மருத்துவர்களுக்கு உறுதிப்பட்டது.

இதிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் வைரஸைத்தான் அது நிறுத்தும். நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸை அதனால் தொட முடியாது. ஏற்கெனவே புண்ணாகிவிட்ட நரம்பைச் சரிசெய்யவும் முடியாது. அக்கியில் வைரஸ் மும்முரமாகப் பெருகுவது முதல் சில நாட்கள்தான். ஆகவே தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதற்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், அல்லது கண்ணைத் தொட்டிருந்தால் டாக்டர்கள் கொடுப்பார்கள். ஆனால் பலன் அதிகம் அந்த மூன்று நாளில்தான்.

அந்த மூன்று நாளில் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அறுபத்தைந்து வயதுக்காரர். இடது விலாவில் எரிச்சல், சட்டை பட்டாலே சுரீர் என்கிறது. தோலில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அக்கியில் வலி பல நேரம் தடிப்புக்கு முன்னால் வந்துவிடும். வாயு என்று வெந்நீர் குடிக்கிறார். நெஞ்சுப் பக்கம் என்பதால் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். அப்புறம் ஒரு காலையில் சிவந்த திட்டின்மேல் குருணை குருணையாக நீர்க்கொப்புளம். கடிகாரம் ஓடத் தொடங்குவது இங்கேதான். சூட்டுக்கொப்புளம், பூச்சி கடித்திருக்கும் என்று ஒரு நாள் போகும். மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்குவதில் இன்னொரு நாள். அது அசைக்ளோவிர் களிம்பாகவே இருந்தாலும் அக்கிக்குப் பயனில்லை. வைரஸ் நரம்புக்குள் இருக்கிறது, மருந்து உள்ளேதான் போக வேண்டும்.

அப்புறம் யாராவது, "இது அக்கி, போய் எழுதிக்கிட்டு வாங்க" என்பார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களில் அக்கி எழுதுவது வழக்கம். காவிக்கல்லைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தின்மேல் எழுதுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆதரவாக ஒருவர் தொட்டுப் பார்த்துக் கவனிப்பதே பெரிய ஆறுதல். பத்து நாளில் கொப்புளம் காய்ந்து, மூன்று நான்கு வாரத்தில் பக்கு உதிர்ந்துவிடும். எழுதினதில் போய்விட்டது என்பார்கள். எழுதாவிட்டாலும், மாத்திரை போடாவிட்டாலும் தோல் அநேகமாக அதே நாளில் ஆறியிருக்கும். அக்கியின் இயல்பு அது. எழுதுபவர்மேல் எனக்குக் குறை இல்லை. எழுதிக்கொள்வதில் கழிந்த அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் கவலை. எழுத விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அதே நாளில் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

ஏனென்றால் தோல் ஆறினாலும் நரம்பு ஆறாமல் போகலாம். புண் இருந்த இடத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் வலி நிற்கும். மின்விசிறிக் காற்று பட்டால்கூடத் துடிப்பார்கள். பனியன் போட முடியாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. வயது கூடக் கூட இதற்கான வாய்ப்பும் கூடும். பாராசிட்டமாலுக்கு இந்த வலி கேட்காது. கபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் என்று நரம்பு மருந்துகளைக் கொடுப்பார்கள், அவையும் பாதிக் கிணறுதான் தாண்டவைக்கும். முகத்தில் வரும் அக்கி இன்னும் ஆபத்து. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்வையே போகக்கூடிய விஷயம்.

மாத்திரையின் கணக்கு இது. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். ஐந்து வேளை யாருக்கும் தொந்தரவுதான். அதனால் இப்போது பலரும் வாலாசைக்ளோவிர் ஒரு கிராம், மூன்று வேளை என்று எழுதுகிறார்கள். உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறிவிடும் மருந்து அது. இரண்டுக்குமே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்து இல்லை. சீக்கிரம் தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் காயும், வலியின் கடுமை குறையும், கண் பிழைக்கும். பின்னால் வரும் நீண்ட வலியை இந்த மாத்திரை நிச்சயமாகத் தடுக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. அதைத் தடுப்பதில் தடுப்பூசிதான் கெட்டி.

சின்னம்மைக்கு வருவோம். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, விருந்தாளி உள்ளே வரக் கூடாது, நோயாளிக்கு இளநீர், மோர், கூழ். வேப்பிலை கிடந்த தண்ணீரை ஊற்றி, மூன்று தண்ணீர் முடிந்த பிறகுதான் வெளியே விடுவது. இதில் ஆளைத் தனியே வைக்கும் அறிவு உண்மையானது. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு சிக்கல். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது ஒட்டத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை கட்டுவதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்குப் போயிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிடித்துக்கொள்ளும். பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அடுத்தவருக்குக் காய்ச்சல் அடிக்கும்.

இன்னொன்று, சின்னம்மை சின்னப் பிள்ளைகள் நோய் என்று குளிர் நாடுகளை வைத்து எழுதிய புத்தகங்கள் சொல்லும். தடுப்பூசி வருவதற்கு முன் அங்கே பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து போய்விடும். வெப்ப நாடுகளில் அப்படியில்லை. தமிழ்நாடு, கேரளம், இலங்கை போன்ற இடங்களில் சின்னம்மை வராமலேயே வளர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். கல்லூரி விடுதியில், வேலைக்குப் போன இடத்தில், கல்யாணமான பிறகு என்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் வரும். பெரியவர்களுக்கு வந்தால் நோய் கடுமை. நிமோனியா வரலாம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் மோசம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிலிருந்து இரண்டு நாள் பின்வரைக்குள் தாய்க்குச் சின்னம்மை போட்டால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாயின் உடம்பில் வைரஸ் இருக்கிறது, அதை எதிர்க்கும் பொருள் குழந்தைக்குப் போய்ச்சேர நேரமில்லை.

ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு அசைக்ளோவிர் கட்டாயம் இல்லை. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அவசியம். தொடங்க வேண்டியது கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள். அக்கியைவிட அவகாசம் குறைவு. மாத்திரை கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள், உள்ளே அமுங்கிவிடும் என்ற பயத்தில் இந்த ஒரு நாள் போய்விடுகிறது. எதுவும் உள்ளே அமுங்குவதில்லை. வேப்பிலையைக் கட்டிவிட்டு மாத்திரையையும் போடலாம், ஒன்றுக்கொன்று விரோதம் கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கு வழிவிடும். ஐபுபுரோஃபெனும் வேண்டாம், தோல் புண்ணில் பாக்டீரியா ஆழமாக இறங்குவதோடு அதற்குத் தொடர்பு பார்த்திருக்கிறார்கள். குளிக்கலாம், நகத்தை வெட்டிவிட வேண்டும்.

தடுப்பூசியின் கதை ஒரு தகப்பனின் தூக்கமில்லாத இரவில் தொடங்குகிறது. 1964-இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. மூச்சுவிடவே பிள்ளை சிரமப்பட்டான். பிழைத்துக்கொண்டான். தகாஹாஷி ஊர் திரும்பி, ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்த வைரஸை மனிதச் செல்களிலும் கினி எலிச் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்க வைத்தார். 1974-இல் அதைப் பற்றி எழுதினார். மருத்துவமனை வார்டு ஒன்றில் சின்னம்மை பரவத் தொடங்கியபோது மற்றக் குழந்தைகளுக்கு இந்த ஊசி போட்டு, பரவாமல் நிறுத்திக் காட்டியிருந்தார். ஓகா என்று அழைக்கப்படும் அந்த வைரஸ் வகைதான் உலகின் பெரும்பாலான சின்னம்மைத் தடுப்பூசிகளுக்கு இன்றும் அடிப்படை.

அமெரிக்கா 1995-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது, 100 முதல் 150 பேர் இறந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இப்போது அங்கே பல இளம் டாக்டர்கள் சின்னம்மையைப் பார்த்ததே இல்லை. ஒரு டோஸுக்குப் பிறகும் சிலருக்கு லேசாக வந்ததால் 2006-இல் இரண்டாவது டோஸையும் சேர்த்தார்கள்.

பிரிட்டன் நெடுநாள் தயங்கியது. ஹோப் சிம்ப்சன் சொன்ன இன்னொரு கருத்துதான் காரணம். சின்னம்மை வந்த குழந்தைகளோடு பழகும்போது பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது, அதனால் அக்கி தள்ளிப்போகிறது என்று அவர் நினைத்தார். குழந்தைகளிடம் சின்னம்மையே இல்லாமல் போனால் பெரியவர்களுக்கு அக்கி கூடிவிடுமே என்ற கவலை. அமெரிக்காவில் பல வருஷம் பார்த்ததில் அந்த அளவுக்குக் கூடவில்லை. 2025-இல் பிரிட்டன் அரசும் இதைத் தன் குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையில் சேர்ப்பதாக அறிவித்தது. குழந்தைகளைக் கேடயமாக நிறுத்திப் பெரியவர்களைக் காப்பது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் படவில்லை.

இந்தியாவில் அரசு இலவசமாகப் போடும் அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முதல் டோஸை 15 மாதத்தில் போடச் சொல்கிறது. ஆனால் காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போட வேண்டும். இதில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. கொஞ்சம் பேர் மட்டும் போட்டுக்கொண்டால் வைரஸின் சுற்று குறையும், ஆனால் நிற்காது. போடாத குழந்தைகள் நோயைச் சந்திக்காமல் வளர்ந்து, பெரியவர்களான பிறகு, அதாவது கடுமையாக வரும் வயதில், சந்திப்பார்கள். அதனால்தான் ஒரு நாடு இந்த ஊசியைத் தொடங்கினால் குழந்தைகளில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் போட முடிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊசி, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முப்பது வயதில் நிமோனியா என்பது நல்ல ஏற்பாடு இல்லை. அரசு அட்டவணைக்குள் கொண்டுவந்தால்தான் இது சரியாகும்.

அக்கிக்கான ஊசி வேறு. ஷிங்ரிக்ஸ் என்பது உயிருள்ள வைரஸ் அல்ல. வைரஸின் மேல்தோலில் உள்ள ஒரே ஒரு புரதமும், எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஒரு கலவையும் சேர்ந்தது. அந்தக் கலவையில் ஒரு பொருள் சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுப்பது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ், இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில். பெரிய ஆய்வுகளில் எழுபதைத் தாண்டியவர்களிடம்கூட ஏறக்குறைய 90 சதவீதம் அக்கியைத் தடுத்தது. அக்கியே வராவிட்டால் பின்வலிக்கும் வழியில்லை. போட்ட அன்றும் மறுநாளும் கை வலி, காய்ச்சல், அசதி இருக்கும், அதைச் சொல்லிவிட்டே போட வேண்டும். 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. விலை பல ஆயிரம் ரூபாய். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கே யோசிக்க வைக்கும் தொகை, கூலி வேலை செய்கிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு முந்தைய அக்கி ஊசியை வைத்து வேல்ஸ் நாட்டில் கிடைத்த ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி கிடையாது, அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று ஒரு விதி. சில நாள் வித்தியாசத்தில் பிறந்த இரண்டு கூட்டம், மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஏழு வருஷம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025-இல் வெளியான ஆய்வு. காரணம் இன்னும் ஆராயப்படுகிறது, மறதிக்காகவே இந்த ஊசியைப் போடுங்கள் என்று யாரும் சொல்லும் கட்டம் வரவில்லை.

இன்றைக்கு நம் கையில் இருப்பதைப் பார்த்தால், சின்னம்மை ஊசி யாருக்கு முதலில் வேண்டும் என்பது தெளிவு. சின்னம்மை வராத, குழந்தை பெற நினைக்கிற பெண்கள் முன்கூட்டியே ஊசியைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறுக்க வேண்டும், கர்ப்பமான பின் போடக் கூடாது. நர்ஸ்கள், ஆசிரியர்கள், விடுதியில் தங்குகிறவர்கள் அடுத்து. வீட்டில் ஒருவருக்கு வந்த பிறகும் நேரம் இருக்கிறது. சின்னம்மை வராத மற்றவர்கள் மூன்று நாளுக்குள், தாமதமானால் ஐந்து நாளுக்குள், ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் போகலாம், வந்தாலும் லேசாகப் போகும். கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கும் அந்த ஊசி ஆகாது. அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்று, ஆயத்தமான எதிர்ப்புப் பொருளையே உடம்பில் செலுத்தும் ஊசி தனியாக உண்டு, தொற்று பட்ட பத்து நாளுக்குள் போட வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.